யோகனின் சப்பாத்தைக் கழற்றிய நாள்

அன்று காலையிலிருந்தே மழை. இடைவேளை விசில் ஊதியதும் பையன்கள் சேறு சொட்டச் சொட்ட ஓடிவந்து, மைதானத்து ஓரத்தில் நாங்கள் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்குக் கூடாரத்துக்குள் விழுந்தார்கள். நனைந்த ஜேர்சியின் வாடை, தசைவலித் தைலத்தின் காரம், காலடியில் மிதிபடும் தோடம்பழத் தோல். எதிரணி முன்னால் இருந்தது. இரண்டாம் பாதிக்காக நான் சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன.

ஆனால் என் கண் யோகனை விட்டு நகரவில்லை.

அவன் ஓரத்து வாங்கில் குனிந்து உட்கார்ந்து சப்பாத்து நாடாவை முடிந்துகொண்டிருந்தான். முடிந்தான். அவிழ்த்தான். மறுபடி முடிந்தான்.

பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"யோகன், இன்டைக்கு நாங்க யாரோட விளையாடுறோம்?"

நிமிர்ந்து சிரித்தான். போன கிழமை நாங்கள் தோற்கடித்த அணியின் பெயரைச் சொன்னான்.

"மழை எப்ப தொடங்கின?"

"இப்பதான் சேர். தூறுது."

தலைக்கு மேலே படங்கு கிழிந்துவிடுவது போல அடித்துக்கொண்டிருந்தது.

இந்தத் தொடரில் வென்ற ஆட்டங்களை மட்டுமே எழுதுகிறேன் என்று என் மகள் குறைப்படுகிறாள். "வாப்பா, நீங்க தோத்ததே இல்லயா?" என்று கேட்டாள். தோற்றிருக்கிறேன். என் வாழ்க்கையின் ஆகப் பெரிய ஆட்டத்தில் தோற்றேன். அதுதான் இது.

கடையும் மைதானமும்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அக்குறணைக்காரன். மாத்தளை வீதியில் வாப்பா தொடங்கிய ஹார்ட்வெயர் கடையில் ஆணியும் தகரமும் பெயின்ட்டும் விற்றுப் பிழைத்தேன். பின்னேரமானால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலைத் தாண்டிக் கண்டிக்குப் போவேன். அங்கே ஒரு கழகத்தின் ரகர் அணிக்கு நான் பயிற்றுநர். ரக்பி என்பது பத்திரிகைக்காரர்களின் சொல்; கண்டியில் எங்களுக்கு அது ரகர்.

முப்பது வருடத்துக்கு மேல் அதே கழகம்தான். வேறு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள், போகவில்லை.

வாப்பாவுக்கு இது கடைசிவரை பிடிக்கவில்லை. "கடைக்கு ஆள் வேணும். காலொடிஞ்சவன் வேணா" என்பார். ஆனால் நாங்கள் கிண்ணம் வென்ற கிழமையில், கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

மைதானத்தில் கத்துவது சிங்களத்தில். கணக்கும் குறிச்சொல்லும் ஆங்கிலத்தில். அடிபட்டவனிடம் பேசுவது அவனவன் மொழியில். நோன்பு மாதத்தில் என் முன்னால் தண்ணீர் குடிக்கப் பையன்கள் வெட்கப்படுவார்கள். போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்க் குடிப்பார்கள். நோன்பு திறக்கும் நேரம் வந்தால் எல்லோரும் என்னைச் சுற்றிப் புல்லில் குந்திவிடுவார்கள். ஒரு சிங்களப் பையனின் தாய் எனக்கென்று கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்புவார். இஞ்சி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒருநாளும் அதை நான் சொன்னதில்லை.

ஜேர்சிகளை அலசியது என் மனைவி ஸீனத். கடைக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கும் கொங்கிரீட் கம்பிகளின்மேல் காயப்போடுவாள். முதுகில் துருக் கறையோடு எங்கள் அணி ஆடிய பருவங்கள் உண்டு. எதிரணிக்காரர்கள் அதை இரத்தக் கறை என்று நினைத்தார்கள். நாங்களும் திருத்தவில்லை.

பெயின்ட் டின்னைப் பிடித்தவன்

யோகன் எனக்குக் கிடைத்ததும் கடையில்தான்.

மடுல்கெல்லைத் தோட்டத்துப் பிள்ளை. பெயின்ட் கம்பனி லொறியில் உதவியாளாக வந்திருந்தான். ஒருநாள் சாமான் இறக்கும்போது லொறியின் உச்சியிலிருந்து பெரிய டின் ஒன்று நழுவியது. கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். யோகன் ஓடவில்லை. மேலே பார்த்தபடி இரண்டு அடி பின்வாங்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, டின்னை மார்போடு அணைத்துப் பிடித்தான். பிடித்த கையோடு அதைக் கொண்டுபோய் அடுக்கிலும் வைத்துவிட்டான்.

ரகரில் வானத்திலிருந்து விழும் பந்தைப் பிடிக்க அப்படித்தான் நிற்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு பருவம் போகும்.

"ரகர் பாத்தீக்கீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்திருக்கேன் சேர். மதில்ல ஏறி. டிக்கட் எடுக்காம."

அடுத்த கிழமை மதிலுக்கு உள்ளே வந்தான். இரண்டு வருடத்தில் அணியின் கடைசிக் காவலன் அவன். எல்லோரையும் தாண்டி வருகிறவனை மடக்குவதும் அவன் வேலை, கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவதும் அவன் வேலை. உதைப்பதற்கு முன் ஈரக் கையைக் காற்சட்டையில் ஒரு தரம் துடைப்பான். பிறகு பந்து போகும். எங்கிருந்து உதைத்தாலும் போகும்.

நான் சொல்லும் அந்த இறுதியாட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனியின் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொந்த அணி இருந்தது. அன்று யோகன் நன்றாக ஆடினால் அணியில் இடமும் கம்பனியில் நிரந்தர வேலையும் என்று பேச்சு. அவனுக்குக் கல்யாணம் முடிந்த புதிது. தாய், தகப்பன், புதுப் பெண்சாதி எல்லோரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் இருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணியின் நெடியவன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தான். யோகன் அவன் கால்களை நோக்கித் தாவினான். நெடியவனின் முழங்கால் யோகனின் நெற்றிப்பொட்டில் விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் சேற்றில் சரிந்தார்கள். யோகன் எழுந்தான். கண்டியில் அடிபட்டவன் எழுந்தால் கைதட்டுவார்கள். மைதானமே கைதட்டியது.

விமல்

இங்கே விமலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

நான் ஆடிய காலத்தில் என் பக்கத்து இடத்தில் ஆடியவன் விமல். பேராதனைப் பக்கம் பேக்கரி வைத்திருந்த சிங்களக் குடும்பம். அவனருகே நின்றால் எப்போதும் லேசாகப் பாண் வாசம் வரும்.

கரையோர ஊர் ஒன்றுக்கு ஆடப் போயிருந்தோம். ஆட்டத்தின் நடுவே விமலுக்குத் தலையில் அடி. கொஞ்ச நேரம் கிடந்தான், எழுந்தான், தண்ணீரை ஊற்றிக்கொண்டு மறுபடி ஆடினான். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி ஒரு ட்ரை கூட வைத்தான். எல்லோரும் அவனைத் தோளில் தூக்கினோம். சிரித்துக்கொண்டே இருந்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் பாடினான். பிறகு, "மச்சான், தலை கனக்கிறது, கொஞ்சம் சாய்கிறேன்" என்று என் தோளில் சாய்ந்தான். பின்னேர வெயில் ஜன்னல் வழியாக அவன் முகத்தில் விழுந்தது. துவாயை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். கடுகண்ணாவை ஏற்றம் முழுக்க பஸ் வளைந்து வளைந்து ஏறியது. அவன் உறக்கம் கலையக் கூடாதென்று நான் தோளை அசைக்காமல் வந்தேன்.

உச்சியில் தேத்தண்ணீர்க் கடையருகே பஸ் நின்றது. எழுப்பினோம்.

மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். தலையில் அடிபட்டவனை ஆடவிடக் கூடாதென்று அந்தக் காலத்தில் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எழுந்து நின்றால் சுகம் என்றே எல்லோரும் நினைத்தோம். "அடி பட்டதும் உட்கார வைத்திருந்தால்?" என்று விமலின் தகப்பனார் கேட்டார். பேக்கரியின் முன்னால் சாவு வீட்டு வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். அன்று அங்கே அடுப்பு எரியவில்லை.

சேற்றில் முழங்கால்

இப்போது கூடாரத்துக்குத் திரும்புகிறேன்.

எங்கள் அணியின் டொக்டர், தோள்மூட்டு விலகிய வேறொரு பையனோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. நான் சேற்றில் முழங்காலிட்டு, யோகனின் இடது சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினேன்.

அவன் காலை என் பக்கம் நீட்டித் தந்தான்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க சேர்" என்றான்.

ஒன்று கழன்றது. மற்றதையும் கழற்றினேன். இரண்டையும் நான் கையில் எடுத்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

"சேர், என்னா சேர் செய்றீங்க?"

"நீ இன்டைக்கு ஆடினது போதும்."

"ஒண்ணும் இல்ல சேர். நல்லாத்தான் இருக்கேன். பாருங்க, நிக்கிறேன்." எழுந்து நின்றான். கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டான். "கொழும்புலருந்து வந்திருக்காங்க சேர். இன்னக்கி ஒரு நாள் விடுங்க. ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"உக்காரு யோகன்."

"எங்கம்மா வந்திருக்கு சேர் பாக்க."

அவன் அழுதான். அணி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

கழகத் தலைவர் குடையோடு உள்ளே வந்தார். நல்ல மனிதர், பல வருடம் என்னைத் தாங்கிப் பிடித்தவர். "நிஸாம், என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டார். "நடக்கிறான், பேசுகிறான், சற்றுமுன் சிரித்தான். வேறென்ன வேண்டும் உமக்கு?"

"விமலும் சிரித்தான்" என்றேன்.

"எந்த விமல்?"

அவருக்கு விமலைத் தெரியாது. விமல் போனபோது அவர் கழகத்திலேயே இல்லை. சொல்ல நேரமும் இல்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

"இவனை இறக்காவிட்டால் இது உமது கடைசி ஆட்டம்" என்றார். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

சப்பாத்துகளை என் மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு, மாற்று ஆட்டக்காரனை அனுப்பினேன்.

இரண்டாம் பாதியில் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனல்டி கிடைத்தது. கோல் கம்பத்துக்கு நேர் எதிரே. உதைத்தால் கிண்ணம். மாற்றாகப் போனவன் உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்து சேற்றில் விழுந்தது.

அந்தச் சத்தமும் எனக்குக் கேட்டது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை

தண்ணீர்ப் போத்தல்கள் பறந்து வந்தன. அவற்றுக்கு நடுவே யோகனைப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விமலின் கதையை அவனுக்கு முழுதாகச் சொன்னேன். அவன் மேற்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. வெறுப்பு என்று நினைத்தேன். அதில் பிழை இல்லை என்றும் நினைத்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்றார்கள்.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். உண்மையாகவே சொன்னேன். ஆனால் அந்த 'ஒன்றும் இல்லை' எனக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நான் யோகனின் சப்பாத்தைக் கழற்றும் படம் ஒரு பத்திரிகையில் வந்தது. சேற்றில் முழங்காலிட்டு நான். கூடாரக் கம்பருகே கிண்ணத்தை எதிர்பார்த்து நிற்கும் பையன்கள். கடைக்கு வந்தவர்கள் ஆணி கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்டார்கள். "என்ன சேர், ஸ்கேன்ல ஒன்டும் இல்லயாமே?" ஒருநாள் காலையில் கடைப் பெயர்ப்பலகையில் சேறு அப்பியிருந்தது. தம்பி துடைக்கப் போனான். நானே துடைத்தேன்.

விமலுக்கு நடந்ததை ஊரே பார்த்தது. யோகனுக்கு நடக்காமல் போனதை யாரிடம் காட்டுவது?

ஒரு பின்னேரம், காயப்போட ஜேர்சி இல்லாத அந்தக் கம்பிகளுக்குப் பக்கத்தில் நான் நிற்பதைக் கண்டு ஸீனத் வந்தாள்.

"என்னத்துக்கு இங்க நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க. ரகர் எனக்குத் தெரியா. ஆனா அந்தப் புள்ள உசிரோட ஈக்கான். அது போதாதா?"

"போதும்" என்றேன்.

போதுமாகத்தான் இருந்தது. ஆனாலும் பின்னேரமானால் கால் தானாக பஸ் தரிப்பிடத்துக்குப் போகும். பாதி வழியில் நினைவு வந்து திரும்புவேன்.

கழகம் என்னை விலக்கவில்லை. ஓய்வு கொடுத்தது. ஒரு மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். தலைவர் நன்றாகப் பேசினார். அந்த இறுதியாட்டத்தை மட்டும் தொடவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். யோகன் வரவில்லை. கொழும்புக் கம்பனி வேறொருவனை எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ஒருநாள் கண்டி மார்க்கட்டில் அவனைத் தூரத்தில் கண்டேன். என்னைக் கண்டதும் மீன் கடைகளுக்குப் பின்னால் நுழைந்து போய்விட்டான். அடுத்து வந்த செய்தி, கத்தாருக்குப் போய்விட்டான் என்பது.

மடுல்கெல்லைக்கு

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியபோதே, இந்த அத்தியாயத்தை அவன் சம்மதம் இல்லாமல் எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அவன் ஊர் திரும்பிவிட்டதாக ஒருவர் சொன்னார். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வேனில் வத்தேகமை வழியாக மலை ஏறினேன்.

தேயிலைக்கு நடுவே, வீதியோரத்தில் சின்னதாக ஒரு கல் வீடு. முற்றத்தில் ஆட்டோ. யோகன் அதன் சக்கரச் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தான். தாடியும் சதையும் போட்டிருந்தான். என்னைக் கண்டு எழுந்து, கிரீஸ் பட்ட கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"வாங்க சேர்" என்றான். சிரிக்கவில்லை.

அவன் மனைவி சுமதி கதிரை கொண்டுவந்து போட்டாள். தேத்தண்ணீர் வந்தது. அவனை 'நீ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"யோகன், அந்த பைனல் மெட்சப் பத்தி எழுதப் போறேன். உங்களுக்கு விருப்பம் இல்லாட்டி எழுத மாட்டேன்."

"எதுக்கு சேர் அத எழுதிக்கிட்டு? அடி பட்டுச்சு. ரெண்டு நாள் தலவலி. சரியாப் போச்சு."

கதவோரம் நின்ற சுமதி சட்டென்று திரும்பினாள்.

"ரெண்டு நாளா?"

"நீ உள்ள போ."

"போகல. எத்தன வருசமா நானும் வாய மூடிக்கிட்டு இருக்கேன்." என்னைப் பார்த்தாள். "மூணு மாசம் சேர். ஜன்னலுக்குச் சாக்கு தொங்கவிட்டு இருட்டுல கெடந்தாரு. கோழி கத்துனா காதப் பொத்திக்குவாரு. சோத்தப் பாத்தா வாந்தி. ஆஸ்பத்திரிக்கி மறுபடி போவோம்னு அழுதேன். வெளிய தெரிஞ்சா கொழும்பு வேல போயிரும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. வேலயும் போச்சு, சத்தியம் மட்டும் இருந்துச்சு."

யோகன் தலை குனிந்து சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரில வெச்சு விமல்ட கதைய சென்னேனே. அதாலதான் உங்கள எறக்காம ஈந்தேன்டு சென்னேனே."

"யாரு சேர் விமல்?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல சேர்" என்றான் மெதுவாக. "காலையில வேன்ல ஏறுனது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில மறுநாள் அம்மா கஞ்சி ஊட்டுனது. நடுவுல ஒண்ணும் இல்ல. நீங்க சப்பாத்தக் கழட்டுனதக்கூட பேப்பர்ல படத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அழுதேனாமே? பசங்க சொன்னாங்க."

இத்தனை வருடம் அவன் என் மீது கொண்டிருந்த கோபத்தில் அவனுடைய ஞாபகம் ஒரு துளியும் இல்லை. எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது, பத்திரிகையில் கண்டது.

விமலின் கதையை இரண்டாவது தரம் சொன்னேன். பஸ்ஸை, துவாயை, என் தோளை. சுமதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். யோகன் அசையாமல் கேட்டான். இந்தத் தரம் கேட்டான்.

சொல்லி முடித்த பிறகு எழுந்து போய் ஆட்டோவின் சில்லைப் பூட்டத் தொடங்கினான். நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். மலையிலிருந்து பனிப்புகார் இறங்கி, எதிரே தேயிலைக் கொழுந்து மலை மறைந்தது. நான் புறப்பட எழுந்தேன். அவன் வேனடிக்கு வந்தான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவருக்கு அப்ப எத்தன வயசு சேர்?"

"அந்த பைனல் நேரம் உன்ட வயசுதான்" என்றேன். 'நீ' தானாக வந்துவிட்டது.

கதவுக் கண்ணாடியின் ஈரத்தைக் கையால் வழித்தான்.

"எழுதுங்க சேர். பேர் போட்டே எழுதுங்க" என்றான். "ஆனா ஒண்ணு."

"என்ன, செல்லு."

"அந்தப் பெனல்டிய நான் அடிச்சிருந்தா உள்ள போயிருக்கும். கப்பு நம்மளுக்குத்தான். அதையும் சேத்து எழுதணும்."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போயிருக்கும், யோகன்.